நான் மாற்றிக் கேட்ட மூன்றாவது கேள்வி

கொழும்பு வெள்ளவத்தையில் யாருக்காவது நாரி, அதுதான் கீழ்முதுகு, பிடித்துக்கொண்டால் முதலில் தைலத்தைத் தேடுவார்கள், அடுத்ததாக என்னைத் தேடுவார்கள். நான் டொக்டர் இல்லை. ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ஸ்கான் பகுதியில், முன்மேசையில் இருபத்திரண்டு வருடம் இருந்து, யாருக்கு எந்த நாள், எத்தனை மணி என்று எழுதிக் கொடுத்தவள். "ராஜி மிஸ், ஒரு நாள் போட்டுத் தாங்கோவன்" என்று கோயிலிலும் மறிப்பார்கள், மீன் கடையிலும் மறிப்பார்கள். எனக்கும் அதில் பெருமைதான், பொய் சொல்லவில்லை.

அதிலும் வெளிநாட்டில் இருந்து வருகிற எங்கள் ஆட்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கு ஓகஸ்ட் மாதத்தில் மூன்று வேலை. நல்லூர்த் திருவிழா, சாறிக் கடை, ஸ்கான். என் தம்பி ரொறன்ரோவில் இருக்கிறான். போன தடவை வந்தபோது தனக்கு முழங்கால், மனைவிக்குக் கழுத்து, மாமியாருக்குத் தலை என்று மூன்று எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொண்டுதான் விமானம் ஏறினான். "அக்கா, அங்கை இதுக்கு மாசக்கணக்கிலை காத்திருக்கோணும். இஞ்சை நாளைக்கே எடுக்கலாம். எடுத்துப்போட்டால் ஒரு நிம்மதி" என்பான். மூன்று பேருக்கும் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததைப் பார்க்க மூன்று பெரிய உறை.

எனக்கு அப்போது வயது ஐம்பத்தாறு. அந்த வருடத்தின் தொடக்கத்தில் எனக்கே நாரி பிடித்தது. குனிந்தால் நிமிர முடியாது, நிமிர்ந்தால் குனிய முடியாது. எங்கள் ஒழுங்கையில் இருக்கிற குடும்ப டொக்டர் காலைத் தூக்கிப் பார்த்து, முழங்காலில் தட்டிப் பார்த்து, "இது பிடிப்பு. நடவுங்கோ, பாரம் தூக்காதேங்கோ, ஆறு கிழமை பாருங்கோ" என்றார். ஆறு கிழமையா, ஒன்றரை மாதமா? நான் யார்? ஸ்கானுக்கு நாள் கொடுக்கிறவள்! தம்பி வேறு போனில் நின்று குதித்தான். எனக்கு நானே ஒரு திங்கட்கிழமை காலை போட்டுக்கொண்டேன். அந்தத் திங்கட்கிழமைக்கு முன்னரே கொரோனா வந்து ஊரடங்கு போட்டுவிட்டார்கள்.

என் ஸ்கான் மட்டுமா நின்றது? அவசரம் தவிர்ந்த அவ்வளவும் நின்றது. நானும் வீட்டில். என் கணவர், கப்பல் கொம்பனியில் கடிதம் எழுதி ஓய்வு பெற்றவர், அவரும் வீட்டில். மூன்றாம் மாடியில் நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருந்தபோதுதான் டொக்டர் ஜெசிந்தாவின் போன் வந்தது. அவர் எங்கள் பகுதியில் ஸ்கான் படங்களைப் பார்த்து றிப்போட் எழுதுகிறவர். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவர், என்னைவிடப் பத்து வயது இளையவர், சுற்றி வளைத்துக் கதைக்கத் தெரியாதவர்.

"ராஜி அக்கா, உங்கட நாரி எப்பிடி?"

"பரவாயில்லை டொக்டர். இப்ப கொஞ்சம் சுகம்."

"ஸ்கான் எடுக்காமலே சுகமோ?"

"ஓம்."

"பாத்தீங்களே! அதுதான். அதுக்குத்தான் போன் எடுத்தனான்" என்று அவர் கத்தியது பக்கத்தில் இருந்த இவருக்கும் கேட்டது.

அவருடைய யோசனையை எனக்கு விளங்கின மாதிரிச் சொல்கிறேன். மற்றக் காலத்தில் ஒருவரைப் பார்த்து, "உமக்கு ஸ்கான் எடுக்காமல் விட்டுப் பார்ப்போம், என்ன நடக்கிறது" என்று சொல்ல முடியாது. சண்டைக்கு வருவார்கள். இப்போது நாடே எல்லாருக்கும் சேர்த்து விட்டுவிட்டது. விபத்து, பக்கவாதம், புற்றுநோய் என்று வருகிறவர்கள் ஊரடங்கிலும் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஸ்கான் நிற்கவில்லை. சும்மா நாரி நோ, வெறும் தலையிடி, வயதுபோன முழங்கால், இவைதான் அப்படியே நின்றுபோய்விட்டன. அப்படி நின்றுபோனவர்கள் இப்போது எப்படி இருக்கிறார்கள்? சுகமாக இருந்தால் அந்த ஸ்கானால் அவர்களுக்கு என்ன பிரயோசனம் வந்திருக்கும்? கஷ்டப்பட்டால் அவர்களை உடனே கூப்பிட வேண்டாமா? இதைக் கண்டுபிடித்தால் நாளைக்கு உண்மையாகத் தேவைப்படுகிறவருக்கு முன்னுக்கு இடம் கிடைக்கும்.

"முதலிலை நாரிக்காரரைப் பாப்பம். உங்களைவிட அவங்களைத் தெரிஞ்ச ஆள் ஆர் இருக்கினம்? நீங்கள் போன் பண்ணுங்கோ. மூண்டே மூண்டு கேள்வி" என்றார்.

கேள்விகளை ஆங்கிலத்தில் எழுதி, ஸ்கான் நின்றுபோன நாரிக்காரரின் லிஸ்டோடு அனுப்பினார்; நான் அதை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டேன். முதலாவது, நோ கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா. இரண்டாவது, காலில் பலம் குறைந்திருக்கிறதா, நடக்கும்போது பாதம் இழுபடுகிறதா. மூன்றாவது, உட்காருகிற இடத்தில், தொடைகளுக்கு நடுவில், விறைப்பு இருக்கிறதா, சலம் மலம் போவதில் ஏதாவது மாற்றம் இருக்கிறதா.

அடுத்த நாள் தொடங்கினேன். ஐயோ, அந்தச் சந்தோசத்தை என்னவென்று சொல்ல! இருபத்திரண்டு வருடமாக முகத்தைச் சுழித்துக்கொண்டு என் மேசைக்கு வந்த ஆட்கள் போனில் சிரித்தார்கள். வத்தளையில் ஒரு ஆசிரியை, பள்ளிக்கூடம் மூடி, இரண்டு பஸ் மாறிப் போகிற வேலை நின்ற அடுத்த கிழமையே நாரி நோவும் நின்றுவிட்டதாம். கொள்ளுப்பிட்டியில் கந்தோர் வைத்திருக்கிற ஒரு ஐயா, நாள் முழுக்கக் கதிரையில் இருந்தவர், இப்போது மொட்டை மாடியில் காலையும் மாலையும் நடக்கிறாராம். "எனக்கு ஸ்கான் போட்டிருந்ததோ? மறந்தே போனன் பிள்ளை" என்றார். அந்த நாளுக்காக என்னோடு மல்லுக்கட்டின மனிதர் அவர்! ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ஒரு சரி அடையாளம் போட்டேன். சரி என்றால் ஸ்கான் தேவைப்படவில்லை என்று அர்த்தம். பக்கம் பக்கமாகச் சரி. பின்னேரம் டொக்டரிடம் சொல்வேன், அவரும் நானும் பரீட்சை பாஸ் பண்ணின பெட்டைகள் மாதிரிக் கத்துவோம்.

ஆனால் ஒரு விசயம். மூன்றாவது கேள்வியை நான் அப்படியே கேட்கவில்லை.

எப்படிக் கேட்பது? மறுமுனையில் எழுபது வயதுப் பெரியவர், கோயில் தர்மகர்த்தா. அவரிடம் போய், "ஐயா, உங்களுக்குத் தொடைக்கு நடுவில் விறைப்பாக இருக்கிறதா?" என்று நான் கேட்கவா? பக்கத்தில் இவர் பேப்பர் வாசித்துக்கொண்டிருக்கிறார். முதல் போனிலேயே நாக்குப் புரளவில்லை. அதனால் அதை அழகாக மாற்றிவிட்டேன். "மற்றும்படி சுகம்தானே?" என்று கேட்டேன். எங்கள் ஆட்களிடம் மற்றும்படி சுகமா என்று கேட்டால் என்ன சொல்வார்கள்? கால் முறிந்து கட்டிலில் கிடந்தாலும், "ஓம், கடவுள் புண்ணியத்திலை சுகம்" என்றுதான் சொல்வார்கள். சொன்னார்கள். சிங்கள ஆட்களிடமும் அப்படித்தான், "அனித் ஒக்கொம ஹொந்தய் நேத?" அவர்களும் ஹொந்தய், சுகம்தான், என்றார்கள். நான் சரி போட்டேன்.

அந்த லிஸ்டில் என் பெயரும் இருந்தது. முதல் நாளே என் பெயருக்குப் பக்கத்தில், பெருமையோடு, ஒரு பெரிய சரி.

பிறகு ஒரு சனிக்கிழமை. கீழே லொறியில் அரிசி வந்திருக்கிறது என்று சத்தம் கேட்டது. லிஃப்ட் வேலை செய்யவில்லை. இவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது, பாரம் தூக்கக் கூடாது. எனக்குத்தான் நாரி சுகமாகிவிட்டதே! பத்துக் கிலோ அரிசியை நான் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறினேன். கடைசிப் படியில் நாரிக்குள் டக்கென்று ஒன்று.

ஞாயிறு இரண்டு காலும் குத்தி உளைந்தது. முன்பு ஒரு பக்கம்தான் நொந்தது, இப்போது இரண்டும். திங்கள் காலை உட்கார்ந்தபோது நான் கதிரையில் இருக்கிறேனா மெத்தையில் இருக்கிறேனா என்று தெரியவில்லை. போன் பண்ணிப் பண்ணி ஒரே மரக்கதிரையில் இருந்த விறைப்பு என்று நினைத்து ஒரு தலையணையைப் போட்டுக்கொண்டேன். செவ்வாய் காலையில் இருந்து சலம் போகவில்லை. போக வேண்டும் என்ற உணர்வும் இல்லை. வெயிலுக்குத் தண்ணி குறைவாகக் குடித்திருப்பேன் என்று இரண்டு கிளாஸ் தண்ணி குடித்தேன். இவர் சாப்பாட்டு மேசையில் என் முகத்தைப் பார்த்து, "என்னப்பா, ஏலாமல் இருக்கோ?" என்றார்.

"சும்மா நாரிதான். மற்றும்படி சுகம்" என்றேன். சத்தியமாக அப்படித்தான் சொன்னேன்.

அன்று மூன்று மணிபோல டொக்டர் ஜெசிந்தா போன் எடுத்தார். மட்டக்களப்பில் இருக்கிற அவருடைய சிநேகிதியும் இதேபோலக் கேட்கப் போகிறாராம். நான் தமிழில் கேட்கிற விதத்தை அப்படியே சொன்னால் தான் எழுதி அனுப்பலாம் என்றார். நான் உற்சாகமாக வாசித்தேன். முதலாவது. இரண்டாவது. மூன்றாவது, "மற்றும்படி சுகம்தானே?"

"என்னது?"

"மற்றும்படி சுகம்தானே எண்டு கேக்கிறனான்."

"ராஜி அக்கா! நான் அப்பிடி எழுதேல்லையே!" குரல் மாறிவிட்டது. "மூண்டிலை அதுதான் முக்கியம். முள்ளந்தண்டிலை நடு நரம்பு முடியிற இடத்துக்குக் கீழை, நாரிக்குள்ள நரம்பெல்லாம் கொத்தா இறங்குது. குதிரை வால் எண்டுதான் அதுக்குப் பேர். எலும்புக்கு நடுவிலை இருக்கிற டிஸ்க் பிதுங்கி அந்தக் கொத்தை நெரிச்சால், இருக்கிற இடம் விறைக்கும், சலம் போகாது. அது மணித்தியாலக் கணக்கு. விட்டால் பிறகு சலம் பிடிக்கவும் ஏலாது, கழிக்கவும் ஏலாது. வாழ்நாள் முழுக்க. அதுக்குத்தான் அந்தக் கேள்வி."

எனக்குக் கீழே இருந்த தலையணையைக் கையால் அமத்திப் பார்த்தேன்.

"ஹலோ? லைனிலை நிக்கிறீங்களோ?"

"டொக்டர்..."

"என்ன?"

"எனக்கு நேற்றிலை இருந்து இருக்கிற இடம் விறைப்பு. இண்டைக்கு இன்னும் சலம் போகேல்லை."

இவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழும்பி நின்றது எனக்கு இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது.

இருபது நிமிடத்தில் அம்புலன்ஸ். காலி வீதியில் ஒரு ஈ, காக்காய் இல்லை. டொக்டர் ஜெசிந்தாவே போன் பண்ணி ஒரு அரசாங்க ஆஸ்பத்திரியில் சொல்லிவைத்திருந்தார். இவரை ஏற்றவில்லை, கொரோனாச் சட்டம். படியடியில் நின்று என் கைப்பையையும் போன் சார்ஜரையும் தந்தார். நாற்பது சொட்டுக் கண்ணீர் விட வேண்டிய நேரத்தில் இந்த மனிதர், "மாஸ்கை மேலை இழுத்து விடும்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்ததும் நல்லதுதான், இல்லாவிட்டால் அங்கேயே உடைந்திருப்பேன்.

ஆஸ்பத்திரியில் முதலில் கொரோனாவுக்கு மூக்குக்குள் குச்சி விட்டார்கள். ஒரு இளம் டொக்டர் ஊசியால் தொடையின் உள்பக்கம் குத்திக்கொண்டே வந்து, "தெரியுதா? தெரியுதா?" என்று தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார். ஒரு இடத்துக்குப் பிறகு தெரியவில்லை. பயம் என்றால் அதுதான் பயம். சிறிய ஒரு குழாயை உள்ளே விட்டார்கள், அடைந்து நின்ற சலம் பை நிறைய வந்தது. அவ்வளவு எனக்குள் இருந்ததே எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது.

அப்புறம் எம்.ஆர்.ஐ. இருபத்திரண்டு வருடமாக எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன், "பயப்படாதேங்கோ, சத்தம் மட்டும்தான்" என்று! சத்தம் மட்டும்தானாம்! தலைக்குள் தகரக் கூரை பிரிக்கிற சத்தம். மூக்குக்கு மேலே நாலு விரல் இடைவெளி. நான் அனுப்பிவைத்த அத்தனை பேரிடமும் உள்ளே கிடந்தபடி மன்னிப்புக் கேட்டேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அன்றைக்கு அந்த மெசினை நான் கட்டிப்பிடிக்கவும் தயாராக இருந்தேன். எங்கே நெரிக்கிறது என்று அது காட்டினால்தான் கத்தி எங்கே போக வேண்டும் என்று தெரியும்.

படத்தைப் பார்த்த சத்திரசிகிச்சை டொக்டர் மாஸ்குக்கு மேலே கண்ணால் என்னைப் பார்த்தார். "அம்மா, இண்டைக்கே செய்யணும். கால் அநேகமா சரியாகும். சலம் மட்டும் இப்ப சொல்ல முடியாது. நரம்பு முழிச்சால் வரும். கொஞ்ச நாள் பாக்கணும்."

"வராட்டி?"

அவர் பொய் சொல்லவில்லை. "வராட்டிக் குழாயோடதான் இருக்கணும்" என்றார்.

ஐம்பத்தாறு வயதில், ஒரு சரி அடையாளத்தை முந்திப் போட்டதற்கு, வாழ்நாள் முழுக்கக் குழாய். ஒப்பரேசன் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

கண் விழித்தபோது வார்டில் கிடந்தேன். இரண்டு காலின் விரல்களும் ஆடின! ஆட்டிக்கொண்டே இருந்தேன். பக்கத்துக் கட்டிலில் இடுப்பெலும்பு உடைந்த சோமா அக்கா, களுபோவிலப் பக்கம், முற்றம் கூட்டும்போது விழுந்தவர். என் விரல் ஆட்டத்தைப் பார்த்து, "அனே நங்கி, நடனமாடப் போறியா?" என்று சிங்களத்தில் கேட்டுச் சிரித்தார். ஆனால் கட்டிலின் பக்கத்தில் சலப்பை தொங்கிக்கொண்டிருந்தது. குழாய் இருக்கும்வரை ஒன்றும் சொல்ல முடியாது என்றார்கள். நரம்புக்கு வீக்கம் வற்ற வேண்டும், அது வரைக்கும் பொறுக்க வேண்டும்.

பொறுமை! எனக்கா! இரண்டாம் நாள் காலையில் பிளேன்டி குடித்துக்கொண்டு இருக்கும்போதுதான் நெஞ்சில் இடி விழுந்தது. லிஸ்ட்! அந்த லிஸ்டில் பக்கம் பக்கமாகப் போட்ட சரி முழுக்க, நான் கேட்காத கேள்விக்குப் போட்ட சரி. என்னைப் போல யாராவது தலையணைக்கு மேலே உட்கார்ந்துகொண்டு சுகம் என்று சொல்லியிருந்தால்?

டொக்டர் ஜெசிந்தாவுக்கு எடுத்து அழுதேன். "அழுறதுக்கு நேரமில்லை அக்கா. திரும்பக் கேக்கோணும். நான் இண்டைக்கே ஆள் பாக்கிறன்" என்றார். ஆள் பார்க்கத் தேவைப்படவில்லை. இவரிடம் போனில் விசயத்தைச் சொன்னேன். இவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "கொப்பி மேசையிலைதானே கிடக்குது. நான் கேக்கிறன்" என்றார்.

எங்கள் கலியாணத்தில் தாலி கட்டும்போது கூட்டத்தைப் பார்க்க வெட்கப்பட்ட மனிதர் இவர். கடையில் மிச்சக் காசு தவறினால் கேட்காமல் வருகிறவர். அந்த மனிதர் டொக்டரிடம் உத்தரவு வாங்கிக்கொண்டு, யன்னலோரம் இருந்து, கப்பல் கொம்பனிக்குக் கடிதம் எழுதின அதே ஒழுங்கோடு கேள்வியை ஒரு தாளில் எழுதி வைத்து, ஒவ்வொருவராக எடுத்தார். "வணக்கம். நான் ராஜியின்ர கணவர். நீங்கள் குறை நினைக்கக் கூடாது. நீங்கள் இருக்கிற இடம், தொடைக்கு நடுவிலை, விறைப்பு இருக்கோ? சலம் மலம் வழமை மாதிரிப் போகுதோ?" தர்மகர்த்தா ஐயாவிடமும் கேட்டார். பெண்களிடமும் கேட்டார், சிலரிடம் அவர்களின் கணவர்மாரைக் கூப்பிட்டுக் கேட்டார். ஏன் கேட்கிறார் என்று யாராவது திருப்பிக் கேட்டால், "என்ர மனுசிக்கு இதைக் கேக்காமல் விட்டதாலை அவ இப்ப ஆஸ்பத்திரியிலை" என்று சொன்னாராம். அதற்குப் பிறகு ஒருவரும் வெட்கப்படவில்லையாம்.

தினமும் மத்தியானம் ஆஸ்பத்திரிக் கேற்றில் செக்கியூரிட்டியிடம் ஒரு சாப்பாட்டுப் பெட்டி வரும். ஊரடங்குக்குள் எங்கள் ஒழுங்கை ஓட்டோக்காரத் தம்பி பாஸ் வைத்திருந்தான், அவன் கொண்டுவந்து கொடுப்பான். இவர் அதுவரை தேத்தண்ணி தவிர ஒன்றும் போட்டதில்லை. சோறு குழைந்திருக்கும், பருப்பு கல்லாக இருக்கும். மூடிக்குள் ஒரு துண்டு. "இன்று பதினொரு பேர். எல்லோரும் சுகம், இம்முறை உண்மையாகவே. ஒருவர் ஏசினார்." அடுத்த நாள், "ஒன்பது பேர். வத்தளையில் ஒருவருக்குச் சலப் பிரச்சினை. டொக்டர் கதைத்துப் பார்த்தார், அது பழைய பிரச்சினையாம், நரம்பு இல்லை, வேறு டொக்டரிடம் அனுப்பியிருக்கிறார். உப்புக் கூடிவிட்டது, மன்னிக்கவும்." நான் அந்தத் துண்டுகளைச் சத்தமாக வாசித்துச் சோமா அக்காவுக்கு மொழிபெயர்ப்பேன். அவருக்குப் பருப்பைவிடத் துண்டுதான் பிடித்தது.

லிஸ்ட் முடிந்தது. இன்னொரு ராஜி அதில் இல்லை! நாரிக்காரர்களுக்குப் போட்ட மற்றச் சரி எல்லாம் சரியாகவே நின்றன. டொக்டர் ஜெசிந்தா போனில் கத்தினார், நானும் படுக்கையில் கிடந்து கத்தினேன், நேர்ஸ் வந்து அதட்டினார். அந்த ஸ்கான்களுக்காக எத்தனை பேர் லீவு போட்டிருப்பார்கள், எத்தனை பேர் இல்லாத வருத்தத்துக்குப் பயந்திருப்பார்கள்!

தம்பி ரொறன்ரோவில் இருந்து எடுத்தான். "பாத்தியளே அக்கா? அப்பவே அந்த ஸ்கானை எடுத்திருந்தால் இது வந்திருக்குமே?"

எனக்கு ஏறியது பாருங்கள். "விசரா! அப்ப எடுத்திருந்தால் என்னடா தெரிஞ்சிருக்கும்? டிஸ்க் வெடிச்சது அரிசி மூட்டையோட. அதுக்கு முதல் எடுத்திருந்தால், வயசுக்குத் தேஞ்சிருக்குது, வேற ஒண்டும் இல்லை எண்டு றிப்போட் வந்திருக்கும். அந்த றிப்போட்டைக் கையிலை வச்சுக்கொண்டு நான் இன்னும் ரெண்டு நாள் சும்மா இருந்திருப்பன். தெரியுமே?"

அவன் விடாமல், "அப்ப ஆருக்கு எடுக்கோணும், ஆருக்குத் தேவையில்லை எண்டு எப்பிடித் தெரியும்?" என்றான்.

"வெக்கப்படாமல் கேட்டால் தெரியும்" என்றேன். பிறகு அவனிடமும் கேட்டேன், மூன்று கேள்வியையும், முழுதாக. வார்டே கேட்டுக்கொண்டிருந்தது. "அக்கா!" என்று கூனிக் குறுகினான். ஆனால் பதில் சொன்னான். ஒன்றும் இல்லை அவனுக்கு.

ஆறாம் நாள் காலை குழாயை எடுத்தார்கள்.

சிஸ்டர் சொன்னார், நல்லாகத் தண்ணி குடிக்க வேண்டும், ஆறு மணித்தியாலம் பார்ப்போம், தானாகப் போனால் நல்லது, போகாவிட்டால் குழாயைத் திரும்பப் போட வேண்டும். எத்தனை நாளுக்கு என்று நான் கேட்கவில்லை. குடித்தேன். ஒரு மணித்தியாலம், இரண்டு, மூன்று. ஒன்றும் இல்லை. வயிறு கனத்தது. கனத்தது தெரிந்தது! அந்தச் செவ்வாய்க்கிழமை அதுகூடத் தெரியவில்லையே. அதைச் சிஸ்டரிடம் சொல்லத் தெரியாமல் சொன்னேன், அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். நாலாவது மணித்தியாலம் பிடிகம்பியைப் பிடித்துக்கொண்டு கழிவறைக்குப் போனேன். உட்கார்ந்தேன். வரவில்லை. முக்கினேன். வரவில்லை. இருந்த அத்தனை தெய்வத்தையும் கூப்பிட்டேன், டொக்டர் ஜெசிந்தா கும்பிடுகிற மாதாவையும் விடவில்லை. திரும்பி வந்து கட்டிலில் சரிந்து சுவர்ப்பக்கம் பார்த்துப் படுத்தேன். சோமா அக்கா கை நீட்டி என் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

ஐந்தரை மணித்தியாலம் ஆனபோது தாதி ஒரு பிள்ளை, இருபத்தைந்து வயது இருக்கும், வந்து, "அம்மே, இன்னொரு முறை போவோம்" என்று கையைப் பிடித்தது. கழிவறைக்குள் என்னை இருத்திவிட்டுக் கதவை ஒருக்களித்து, வாளிக்கு மேலே தண்ணிப் பைப்பைத் திறந்துவிட்டது. தண்ணி விழுகிற சத்தம். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

முதலில் ஒரு சொட்டு. எனக்கு நம்பிக்கை இல்லை. பிறகு இன்னும் கொஞ்சம். பிறகு, அம்மாடி, பிறகு நிற்கவில்லை!

"சூ கியாத, அம்மே?" போனதா என்று வெளியே இருந்து அந்தப் பிள்ளை.

"கியா! கியா! போகுது! போய்க்கொண்டிருக்குது!" எந்த மொழியில் கத்தினேன் என்று தெரியாது. வார்டில் இருந்த பெண்கள் கை தட்டினார்கள். வாயில் சாப்பாட்டோடு சோமா அக்கா "சாது, சாது" என்றார். ஐம்பத்தாறு வயதுப் பெண், வெள்ளவத்தையில் பத்துப் பேர் மதிக்கிற ராஜி மிஸ், சலம் போனதற்கு ஒரு வார்டே கை தட்ட, கதவைத் திறந்து கையைக் காட்டிக்கொண்டு வந்தேன். வெட்கமா? ஒரு துளி இல்லை.

சிஸ்டர் படுக்கவைத்து அடிவயிற்றில் குளிரான களியைப் பூசி ஒரு சின்ன ஸ்கான் கருவியை வைத்தார். உள்ளே மிச்சம் நின்றால் நரம்பு பாதிதான் விழித்திருக்கிறது என்று அர்த்தமாம். அவர் திரையைப் பார்த்தார், இன்னொரு பக்கம் வைத்துப் பார்த்தார்.

"ஹிஸ்" என்றார். காலி.

இவருக்குப் போன் எடுத்தேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார், போனைக் கையில் வைத்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

"இஞ்சேருங்கோ, போச்சுது!" என்றேன்.

கதிரை தள்ளுப்படுகிற சத்தம் கேட்டது. பிறகு அந்த மனிதர், உரத்துக் கதைக்கத் தெரியாத என் மனிதர், மூன்று மாடிக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டார்.

"முழுக்கப் போச்சுதோ?"

"முழுக்க. ஒரு சொட்டும் மிச்சமில்லை."

அங்கே அவர் அழ, இங்கே நான் அழ, நடுவில் போன் அறுந்துவிட்டது.